பெற்றோல் வாடை

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ஒன்பதாம் வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து உறங்கிய ஒரு மாணவியை நான் மூன்று முறை எழுப்பி நிற்கவைத்தேன். மூன்றாம் முறை, வகுப்பு முழுவதும் கேட்கும்படியாக, "இரவெல்லாம் என்ன செய்கிறாய்? கைத்தொலைபேசியோடு விளையாட்டா?" என்றேன். அவள் பேசவில்லை. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். இந்தக் கடைசி வாக்கியத்தை விழுங்கிவிட்டு மற்றவற்றை மட்டும் எழுதுவதானால், இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவையே இல்லை.

பூண்டுலோயாவைப் பார்த்திராத வாசகருக்கு ஓரிரு வார்த்தைகள். நுவரெலியா மாவட்டத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே, ஓயாவின் கரையில் அமைந்த சிறு பட்டினம் இது. சுற்றியுள்ள தோட்டங்களுக்கு டன்சினன், ஷீன், ஹரோ என்று பெயர்கள். டன்சினன் என்பது ஸ்கொத்லாந்தில் உள்ள ஒரு குன்றின் பெயர். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வருவது. காட்டை வெட்டியவன் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த கூலி. பெயரை வைத்தவன் குதிரையில் வந்த துரை. துரை போய் நெடுங்காலமாயிற்று. பெயரும் லயமும் இருக்கின்றன. பள்ளிக்கூடம் பட்டினத்தில் இருக்கிறது; பிள்ளைகள் மலையில் இருக்கிறார்கள். மேற்கணக்கின் தோட்டப் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், அதற்கு மேல் படிக்க விரும்பும் பிள்ளை நாள்தோறும் மலையிறங்கி வரவேண்டும், மாலையில் மலையேறிப் போகவேண்டும். அந்தப் பாதையில் பஸ் இல்லை. பஸ் கேட்டு நாங்கள் எழுதிய மனுக்கள் உரிய இடத்தில் உறங்குகின்றன; அவற்றை யாரும் எழுப்பி நிற்கவைத்ததாகத் தெரியவில்லை.

அந்த மாணவியின் உறக்கத்தை நான் சோம்பல் என்றே கொண்டேன். பின்பொரு நாள் திருத்துவதற்காகக் கொப்பிகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். முப்பத்தெட்டுக் கொப்பிகளில் ஒன்று மட்டும் மணத்தது. மண்ணெண்ணெய் அல்ல, பெற்றோல். விரித்துப் பார்த்தேன், அவளுடைய கொப்பி.

அப்போது என் மனத்தில் என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோலுக்கு இந்நாடு வரிசையில் நின்ற ஆண்டு அது. "சரிதான், இவள் வீட்டில் கலன்களில் பெற்றோலைப் பதுக்கி வைத்துக் கறுப்புச் சந்தையில் விற்கிறார்கள், இரவெல்லாம் அதுதான் வேலை போலும்" என்று எண்ணினேன். நானும் லயத்தில் பிறந்தவன். என் தாய் கொழுந்து எடுத்துத்தான் என்னைப் பேராதனைக்கு அனுப்பினார். ஆயினும் என் சொந்த மக்களைப் பற்றி ஒரு துரையின் மூளையோடு சிந்திக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

மறுநாள் அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். தலை வலிக்கிறதா என்றேன். இல்லை என்றாள். ஆனால் "இல்லை" என்று சொல்லும் அவசரத்தில் ஏதோ இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மாலை, மேற்கணக்கில் ஒரு பெற்றோரைக் காணவேண்டும் என்று சாக்குச் சொல்லி, பிள்ளைகளோடு நானும் அந்த வானில் ஏறிக்கொண்டேன்.

அது ஒரு சிறிய பெற்றோல் வான். எட்டுப் பேர் இருக்கவேண்டியதில் பதின்மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். பின்னாசனத்தின் இடப்பக்க மூலை அவளுடைய இடம். நான் அருகில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மழை பெய்துகொண்டிருந்ததால் கண்ணாடிகளை மூடியிருந்தார்கள். சல்லியும் குழியுமான தோட்டப் பாதையில் வண்டி ஒருக்களித்து ஏறும்போதெல்லாம் அந்த மூலையிலிருந்து வாடை குபீரென்று எழும்பியது. கால்மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு துடிக்கத் தொடங்கியது. அரைமணி நேரத்தில் கண்கள் சொருகின. மேற்கணக்கில் இறங்கியதும் பாதையோரத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு சிறுவன் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

வான் ஓட்டுபவர் ஐம்பதை நெருங்கியவர். எல்லோரையும் போல நானும் அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். "அண்ணே, இது என்ன?" என்றேன். அவர் மறைக்கவில்லை. "ரெண்டு மாசமா இருக்கு சேர். பெற்றோல் ஊத்துற பைப்பு துருவேறி ஓட்டையாயிருச்சு. சவுக்காரம் வச்சு அடைச்சுப் பாத்தேன். நம்ம ஊரு மழையில நிக்க மாட்டேங்குது" என்றார்.

சவர்க்காரத்தின் சூட்சுமத்தை அன்றுதான் அறிந்தேன். பெற்றோலில் சவர்க்காரம் கரையாது. ஆகையால் துளையில் அழுத்தித் தேய்த்தால் தற்காலிகமாக அடைத்துக்கொள்ளும். சாரதிகள் பல நாடுகளில் கையாளும் பழைய உபாயமாம். ஆனால் தண்ணீரில் கரைந்துவிடுமே! தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் நின்று பெய்யும் எங்கள் சரிவில், காலையில் அடைத்தது மாலையில் ஒழுகும்.

"கராஜுல விட்டா என்ன?" என்று கேட்டேன்.

"விட்டா வண்டி நாலு நாள் நிக்கும் சேர். சாமான் கெடைக்காட்டி நாப்பது நாள் நிக்கும். புள்ளைக எப்புடி வரும்? லீசிங்காரனுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

அந்த ஆண்டு நடந்ததை இங்கே சுருக்கமாக நினைவூட்டுவது தகும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே கதையாகி வருகிறது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஜூன் இறுதியில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றாயிற்று. பள்ளிக்கூடங்கள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போது ஒரு லீட்டர் பெற்றோல் 470 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 1000 ரூபா. 2021இல் அரசிதழில் வெளியிட்டுத்தான் அந்த ஆயிரமும் கிடைத்தது. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அதுவும் அரைப்பேராகிவிடும். ஆக, ஒரு லீட்டர் பெற்றோலும் ஓர் அரைப்பேரும் ஏறக்குறைய ஒரே விலை. பின்னர் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. வானுக்கு வாரத்துக்கு 20 லீட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த முறை 2023 செப்டெம்பர் வரை நீடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனோடு தலவாக்கலைக்கு எண்ணெய் அடிக்கப் போனேன். எங்கள் முறை வந்ததும் அவர் இறங்கி, ஆசனத்தின் கீழிருந்து ஒரு வெற்றுப் பால்மா டின்னை எடுத்து, பின் சக்கரத்தின் மேற்புறமாக உடலுக்குள் செருகி வைத்தார். பம்பு ஓடத் தொடங்கியது. டின்னுக்குள் சொட்டுகள் விழும் ஓசை கேட்டது. பிறகு அது சொட்டாக இல்லாமல் நூலாக ஒழுகியது. 20 லீட்டர் அடித்து முடிந்தபோது டின்னில் அரை லீட்டருக்குக் குறையாமல் இருந்தது. அதைத் துணியில் வடித்து ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டார். வழிந்து தரையில் போனதற்குக் கணக்கில்லை. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள், யாரும் பேசவில்லை. ஒரு தீக்குச்சி போதுமே என்று எனக்கு உடல் நடுங்கியது. அவருக்கோ அந்த அரை லீட்டரின் விலை இருநூற்றிருபத்தைந்து ரூபா என்பதுதான் தெரிந்தது. அச்சம் என்பதும் வசதியுள்ளவர்களுக்கே முழுமையாகக் கிடைக்கும் பொருள் போலும்.

எங்கள் பட்டினத்தில் கராஜ் வைத்திருப்பவர் ஒரு சிங்களவர். எல்லோருக்கும் அவர் பாஸ். கொத்மலை நீர்த்தேக்கத்தில் தம் பெற்றோரின் வயல் மூழ்கியதைச் சிறுவனாக நின்று பார்த்தவர்; அணை 1985இல் முடிந்தது. அவர் தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார்; நான் சிங்களமும் தமிழும் கலந்து பேசுவேன்; இருவருக்கும் விளங்காதது எதுவும் இல்லை. அவர் சக்கரத்தைக் கழற்றி, உள்மறைப்புத் தகட்டைத் திறந்து, கைவிளக்கைப் பிடித்து என்னையும் குனியச் சொன்னார்.

பெற்றோல் ஊற்றும் வாய் வண்டியின் பக்கச் சுவரில் இருக்கிறது. தாங்கி அடியில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான, வளைந்த இரும்புக் குழாய். அதன் அருகே, கன்றுபோல் ஒட்டிச் செல்லும் மெல்லிய குழாய் ஒன்று. பெற்றோல் உள்ளே இறங்கும்போது தாங்கியிலுள்ள காற்று வெளியேறும் வழி அது. அடியில் ஒரு ரப்பர்க் குழாய் இரும்பையும் தாங்கியையும் சேர்க்கிறது. குழாயை வண்டியின் உடலோடு பிடித்து நிறுத்த நடுவில் ஒரு பட்டி. அந்தப் பட்டிக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு நகக்கண் அளவு இடைவெளி. "இங்கேதான் எல்லாக் கெடுதலும்" என்றார் பாஸ். சக்கரம் வாரியடிக்கும் சேறு அந்த இடுக்கில் போய்த் தங்கும். தண்ணீர் வடிவதற்கென்று வைத்த துளை அடைபட்டிருக்கும். ஈரம் காயாது. பட்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைப் பட்டியே மறைத்துவிடும்.

இந்த வண்டிக்கு வேறொரு வரலாறும் இருந்தது. அண்ணன் வாங்குமுன் இது ஒரு மரக்கறி வியாபாரியிடம் இருந்தது. லீக்ஸ் ஏற்றிப் போன வண்டி, திரும்பும்போது உர மூட்டை ஏற்றி வந்தது. அமோனியம் சல்பேட் ஈரத்தை இழுத்துக் கரையும். கரைந்தால் இரும்பை அரிக்கும். மூட்டையிலிருந்து சிந்திய உரம் தரை ஓட்டைகளின் வழியே இடுக்குகளில் இறங்கி, ஆண்டுக்கணக்காக மழையோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. பாஸ் திருகாணிச் செலுத்தியின் நுனியால் பட்டியின் ஓரத்தை மெல்லச் சுரண்டினார். அது தடையின்றிக் குழாய்க்குள் இறங்கிவிட்டது. இரும்பு இருந்த இடத்தில் செதில்கள் இருந்தன. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பது. ஆகையால் தின்னப்படும் இரும்பு பார்வைக்குத் தடித்துத் தோன்றும்.

கீழே இன்னொரு கேடு. முன்னொரு காலத்தில் யாரோ ரப்பர்க் குழாய்க்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றை மாட்டியிருந்தார்கள். பெற்றோலுக்கென்று செய்யாத ரப்பர் பெற்றோலை உறிஞ்சி வீங்கும். அது ஊறிய அப்பளம்போல் கையில் வந்தது. பக்கச் சுவரிலிருந்து உள்ளறைக்குச் செல்லும் துளையை மூடியிருந்த அடைப்பும் இல்லை. பெற்றோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போய்க் கலைவதில்லை. தாழ்ந்த மூலையில் தேங்கி நிற்கும். அந்தத் தாழ்ந்த மூலைக்கு மேலேதான் என் மாணவியின் ஆசனம் இருந்தது. தலைவலி, மயக்கம், தூக்கம், குமட்டல் என்பவை அந்த ஆவியின் உடனடி விளைவுகள். அதிலுள்ள பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நான் கைத்தொலைபேசி என்று சொன்னேன்.

இங்கே ஒரு சிறு விலகல். அதே ஆண்டுத் தமிழ்த் தின விழாவில் நான் பண்டைத் தமிழரின் இரும்பைப் பற்றிப் பேசினேன். ஈரோட்டுக்கு அருகே கொடுமணலில் அகழ்ந்தெடுத்த உலைகளைப் பற்றி, இரும்பை உருக்காக்கிய கைகளைப் பற்றி முழங்கினேன். சமனலவெவையில் மலைச்சரிவில் வரிசையாக உலைகள் அமைத்து, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி உருக்குச் செய்த பழைய இலங்கையரையும் விட்டுவிடவில்லை, நல்லிணக்கமும் வேண்டுமல்லவா? கைதட்டல் பலமாக இருந்தது. அந்த மண்டபத்துக்கு வெளியே, அதே பருவக்காற்று கொண்டுவந்த மழையில் நனைந்தபடி, என் மாணவர்களை ஏற்றிச் செல்ல நின்ற வண்டியின் இரும்பு உதிர்ந்துகொண்டிருந்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய இரும்பைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. பழைமையைப் படிக்கக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தமிழ் படித்ததற்காக நான் வெட்கப்படவுமில்லை. ஆனால் நம் மேடைகளில் இரும்பு எப்போதும் பளபளப்பாகவே இருப்பது எப்படி என்று இப்போது யோசிக்கிறேன்.

நிற்க. குழாயை ஒட்டவைக்க முடியாதா என்று கேட்டேன். வண்டியில் இருக்கும்போதே பற்றவைக்கச் சொல்லி வருகிறவர்களும் உண்டாம். பாஸ் அவர்களைத் துரத்திவிடுவாராம். நிறைந்த தாங்கியைவிட வெறுந் தாங்கிதான் கொடியது என்றார். நிறைந்ததில் பெற்றோல் இருக்கிறது; வெறுமையானதில் ஆவியும் காற்றும் கலந்து பொறிக்காகக் காத்திருக்கின்றன. குழாயைக் கழற்றி எடுத்துப் பற்றவைக்கலாமே என்றால், பற்றவைக்க இரும்பு மிச்சமில்லை. மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் மாற்றுவதற்குக் குழாய் எங்கே? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு 2025இல்தான் மறுபடி திறந்தது. புதிய வண்டி வராத நாட்டில் பழைய வண்டி சாகக்கூடாது; அதற்கு உதிரிப்பாகம் வேண்டும்; உதிரிப்பாகத்துக்கு டொலர் வேண்டும்; டொலரைச் சம்பாதித்துத் தருவதில் எங்கள் தேயிலைக்கும் பங்குண்டு; அந்தத் தேயிலையை எடுப்பவளின் பிள்ளைதான் பின்னாசனத்தில் மயங்கிக் கிடக்கிறாள். இந்த வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் பொருளியல் ஆசிரியர் கோபித்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.

கொழும்பில் பஞ்சிகாவத்தை என்றொரு இடம். இலங்கையில் ஓடும் எந்த வண்டியின் எந்த உறுப்பும் அங்கே கிடைக்கும் என்பார்கள். அங்கே ஒரு கடையில் என் பழைய மாணவன் ஒருவன் வேலை செய்கிறான் என்று அண்ணனே சொன்னார். எனக்கு அவனை நினைவிருந்தது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன். எங்கள் மலையிலிருந்து இப்படி எத்தனை பேர் கொழும்புக் கடைகளுக்குப் போய்ச் சாப்பாடும் படுக்கையும் கடைக்குள்ளேயே என்று வாழ்கிறார்கள்! "உனக்குத் தமிழ் வராது, விடையைத் தெளிவாக எழுதத் தெரியாது" என்று நான் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

தொலைபேசியில் அழைத்ததும், "சேர், சொல்லுங்க சேர்" என்றான். குழாயைப் பற்றிச் சொன்னேன். அவன் கேள்விகள் கேட்கத் தொடங்கினான். வாயைச் சுற்றி எத்தனை திருகாணி? மூச்சுக் குழாய் வலப்பக்கமா, இடப்பக்கமா? வளைவு வாயிலிருந்து எத்தனை அங்குலத்தில் ஆரம்பிக்கிறது? கீழ்முனையின் வெளிவிட்டம் என்ன? வண்டியின் அடித்தகட்டு இலக்கம் என்ன? ஒன்றுக்கும் என்னால் விடை சொல்ல முடியவில்லை. "ஏறக்குறைய ஒரு முழம் இருக்கும்" என்றேன். மறுமுனையில் சிறிது மௌனம். பிறகு மிகவும் மரியாதையாக, "சேர், போனைக் கொஞ்சம் பாஸ்கிட்டக் குடுங்க" என்றான்.

நான்கு நாள் தேடி, சிதைந்த ஒரு வண்டியிலிருந்து கழற்றிய குழாயொன்றைக் கண்டெடுத்தான். முதலில் கிடைத்ததைப் பட்டியை நகர்த்திப் பார்த்துத் தள்ளிவிட்டதாகச் சொன்னான், அதிலும் துரு. இரண்டாவதை உரசிச் சுத்தம் செய்து படம் எடுத்து அனுப்பினான். பெற்றோலுக்கென்றே செய்த புதிய ரப்பர்க் குழாயும் கவ்விகளும் மூடிக்குரிய வளையமும் சேர்த்து 13,200 ரூபா. பாஸின் கூலி 2,500. கடைக்காரரிடம் பேசிக் குறைத்த விலை அது. தன் கையிலிருந்து எவ்வளவு போட்டான் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

பணம் யார் கொடுப்பது என்பதில் ஆசிரியர் அறையில் விவாதம் மூண்டது. "அவர் வண்டி, அவர் வருமானம், அவர்தானே திருத்தவேண்டும்?" என்றார் ஒருவர். சரிதான். "பிள்ளைகளை அழைத்துவருவது அரசாங்கத்தின் கடமை; பஸ் விடு என்று போராடுவதை விட்டுத் தனியார் வண்டிக்குக் குழாய் வாங்கிக் கொடுப்பது சீர்திருத்தவாதம்" என்றார் இன்னொருவர். அதுவும் சரிதான். இரண்டு சரிகளுக்கும் நடுவில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. என் கருத்தைச் சொல்கிறேன்: அண்ணன் வண்டிக்காரர் என்று பெயர், உண்மையில் வண்டி லீசிங் கம்பனிக்குச் சொந்தம், அவர் தம் ஆசனத்தைத் தாமே வாங்கிக்கொள்ளும் கூலியாள். ஆயினும் அவரை நான் முற்றாக விடுவிக்கவும் மாட்டேன். எட்டுப் பேர் இருக்குமிடத்தில் பதின்மூன்று பிள்ளைகளை ஏற்றியவர் அவர். இரண்டு மாதமாக அறிந்தும் ஓட்டியவர் அவர். ஏழ்மை ஒரு காரணம். அது எல்லாவற்றையும் கழுவிவிடும் சவர்க்காரம் அல்ல. இதை அவரிடமே சொன்னேன். "தெரியும் சேர்" என்றார்.

மேற்கணக்கில் மாரியம்மன் கோயில் திண்ணையில் பெற்றோர் கூடினார்கள். மலையிலிருந்து நேரே வந்த பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலேயே உட்கார்ந்தார்கள். நான் ஆவியைப் பற்றியும் நோயைப் பற்றியும் விளக்கினேன். அவர்களுக்கு அது புதிய செய்தி என்று நினைத்தேன். ஒரு தாய் சொன்னாள்: "தலைய நோவுதுன்னு புள்ளைக சொல்லிச்சுங்க சேர். நாங்கதான் வெளிய சொல்லாதேன்னுட்டோம். வேன் நின்னுட்டா நடந்து அனுப்ப ஏலுமா? பொட்டப்புள்ளைகள, இந்தக் காட்டு வழியில?" பக்கத்திலிருந்த முதியவள், "மருந்தடிச்ச மலையில அந்த வாடையிலயே நின்னவுங்க நாங்க. இது என்னா பெரிய வாடைன்னு நெனைச்சோம்" என்றாள்.

நன்கொடை வேண்டாம் என்று அவர்களே தீர்மானித்தார்கள். முடிந்தவர்கள் அடுத்த மாதத்து வான்கூலியை முன்பணமாகத் தருவது என்றாயிற்று. பதின்மூன்று வீடுகளில் ஏழு வீடுகள் தந்தன. மீதியை ஆசிரியர்கள் மூவர் கடனாகக் கொடுத்தோம். அவர்களில் ஒருவர் சீர்திருத்தவாதம் என்று சொன்னவர். ஆசனத்துக்கு ஒரு பிள்ளை என்ற பேச்சும் எழுந்தது. அப்படியானால் ஐந்து பிள்ளைகள் நடக்கவேண்டும். எந்த ஐந்து என்று கேட்டபோது எல்லோரும் கோயில் மணியைப் பார்த்தார்கள். அந்தப் பிரச்சினை அன்று தீரவில்லை.

குழாய் பஸ் நடத்துநர் ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை காலை வேலை தொடங்கிற்று. தாங்கியில் பெற்றோல் குறைந்திருக்கும்படி அண்ணன் முதலிலேயே பார்த்துக்கொண்டார். பாஸ் பற்றரியின் கம்பியைக் கழற்றினார். கராஜின் அடுப்பை அணைக்கச் சொன்னார். வெற்றிலை போட வந்து பீடி பற்றவைக்கப் பார்த்த ஒருவரை வெளியே அனுப்பினார். துருவேறிய திருகாணிகளில் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். மூன்றில் இரண்டு கழன்றன, ஒன்று முறிந்தது. பழைய ரப்பரைக் கத்தியால் நீளவாக்கில் அறுத்து உரித்தார். குழாய் வெளியே வந்தபோது நடுவில் ஒடிந்து இரண்டு துண்டாகக் கையில் விழுந்தது. அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்: பட்டி இருந்த இடம் சல்லடையாக இருந்தது.

தாங்கியின் வாயில் சுத்தமான துணியைச் செருகி, துரு உள்ளே விழாதபடி காத்து, வடிகால் துளையைக் கம்பியால் குத்தித் திறந்தார். கைநிறையச் சேறு, அதில் வெள்ளை வெள்ளையாக உரம். புதிய குழாய்க்குத் துத்தநாகப் பூச்சும், அதன் மேல் கறுப்புத் தார்ப்பூச்சும் கொடுத்து ஓர் இரவு காயவிட்டார். பட்டிக்கும் குழாய்க்கும் நடுவே சைக்கிள் ரியூப் ரப்பர் ஒரு துண்டு வைத்தார். கம்பனிக்காரன் இதை வைத்திருந்தால் குழாய் இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கும் என்று சிங்களத்தில் முணுமுணுத்தார். உள்ளறைத் துளைக்கும் புதிய அடைப்பு போட்டார். ஞாயிறு மாலை வேலை முடிந்தது. அண்ணன் பயந்த நாற்பது நாள், ஒன்றரை நாளாக முடிந்துவிட்டது. தேடியது நான்கு நாள், பணம் சேர்த்தது பன்னிரண்டு நாள்.

ஒக்டோபர் முதல் வாரத்தில் பெற்றோல் 410 ரூபாவுக்கு இறங்கியிருந்தது. தலவாக்கலையில் எங்கள் முறை வந்தபோது அண்ணன் பழக்க தோஷத்தில் பால்மா டின்னைக் கொண்டுபோய் வைத்தார். பம்பு ஓடியது. நாங்கள் இருவரும் குனிந்து காதைக் கொடுத்தோம். பின்னால் நின்ற ஓட்டோக்காரரும் என்னவோ ஏதோவென்று வந்து குனிந்தார். ஓசை இல்லை. டின் காய்ந்திருந்தது. அண்ணன் அதை எடுத்து உள்ளே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எறியாமல் ஆசனத்தின் கீழேயே வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் வகுப்பில், பாடம் தொடங்குமுன், நடந்ததைச் சொன்னேன். அவள் உறங்கியது சோம்பலால் அல்ல என்றும், நான் சொன்னது பிழை என்றும், சிரித்தது அதைவிடப் பெரிய பிழை என்றும் சொன்னேன். வகுப்பு மிகவும் அமைதியாக இருந்தது. அவள் முன்போலவே தலையைக் குனிந்துகொண்டாள். என் மன்னிப்பும் அவளை எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை நிறுத்திவைத்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இடைவேளையில் அவளாகவே ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. நான் எழுந்து போனேன்.

"சேர்."

"சொல்லு பிள்ளை."

"இனிமே வேன் நிப்பாட்ட மாட்டாங்கதானே?"

"மாட்டாங்க" என்றேன். லீசிங் கம்பனியிலிருந்து இரண்டாவது கடிதம் வந்திருப்பதை அண்ணன் அன்று காலையில்தான் என்னிடம் காட்டியிருந்தார்.